தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் மனநலம் பற்றிக் கேட்பது எப்படி? மெக்சிகோ தொழிலாளர் அனுபவம் இங்கே பொருந்துமா?

செபராங்பிறை_தொண்டர்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால், ஜாவி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களை ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிற ஒரு கோயில் தொண்டர் குழுவுக்காகக் கேட்கிறேன். இதுவரை அரிசி, பருப்பு, கைலி, போன் ரீலோட் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகமாகிக்கொண்டே போவதால் இனி மனநலத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கிளினிக்கில் காட்டினால் இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம்.

அமெரிக்காவில் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கமிருந்து வந்து பண்ணைகளில் பாடுபடுகிறவர்களைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. அங்கே பயன்படுத்தும் கேள்வித்தாளைத் தமிழில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரிடம் கேட்டு, மதிப்பெண் அதிகமாக வருகிறவர்களை மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்பது திட்டம். இது சரிப்பட்டு வருமா? யார் கேட்பது, எங்கே உட்கார்ந்து கேட்பது, நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா, மதிப்பெண் அதிகம் வந்தவரை எங்கே கொண்டுபோவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பொதுநலம்:

முதலில் அந்த நாற்பது பேர் கணக்கை விட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அமெரிக்கத் தொழிலாளர் அமைச்சு 1989-லிருந்து பண்ணைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி வருகிறது. அதன்படி பண்ணைக் கூலிகளில் பத்துக்கு ஆறு பேர் மெக்சிகோவில் பிறந்தவர்கள், ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம் முறையான ஆவணம் இல்லை. இவர்களுக்கென்றே ஜோசப் ஹோவி என்ற உளவியலாளர் உருவாக்கிய மன உளைச்சல் பட்டியல்தான் அங்கே அடிக்கடி கையாளப்படுவது. மொத்தம் 39 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதன் சிறப்பு என்னவென்றால் "வருத்தமாக இருக்கிறீர்களா" என்று அது ஆரம்பிப்பதில்லை. குடும்பத்தைப் பிரிந்திருப்பது, பாஷை புரியாதது, நெரிசலான தங்குமிடம், அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற கவலை, வைத்தியம் கிடைக்காதது, வெயிலில் நீண்ட நேரம் நிற்பது என்று வாழ்க்கையில் நடப்பதைத்தான் கேட்கிறது. மனசைப் பற்றி நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர்கூட இதற்குப் பதில் சொல்வார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழியைத்தான். 39 வாக்கியத்தையும் மொழிபெயர்த்தால் பாதி இங்கே ஒட்டாது. அறுவடையைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போவது, பிள்ளைகளின் படிப்பு போன்றவை அங்கே குடும்பத்தோடு இருப்பவர்களின் பாடு. இங்கே தற்காலிக வேலை பெர்மிட்டில் வந்தவர் மனைவி மக்களைக் கூட்டி வரவே முடியாது.

அங்கே நம் பெர்மிட்டுக்கு நெருக்கமானது எச்-2ஏ விசா. 1986 சட்டத்தில் பிறந்தது, ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவது. முதலாளி சரியில்லை என்றால் இன்னொருவரிடம் எளிதில் போக முடியாததால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் எச்-2ஏ பருவகால வேலைக்கானது. வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். இங்கே வருகிறவர் இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஊர்ப் பக்கமே போகாமல் இருக்கிறார். எப்போது திரும்புவோம் என்ற தேதி தெரியாமல் இருப்பது தனிப்பாரம். அமெரிக்கப் புள்ளிவிவரத்தை எடுத்து "இங்கேயும் இத்தனை சதவீதம்" என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

அங்கே செய்த ஒரு தவறும் நமக்குப் பாடம். மெக்சிகோக்காரர் எல்லாருக்கும் ஸ்பானிய மொழி வரும் என்று நினைத்துக் கேள்வித்தாளை நீட்டினார்கள். ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு வீட்டு மொழி மிஷ்தெக், சபோதெக் அல்லது திரிக்கி. ஸ்பானியம் அவர்களுக்கே அரைகுறை. நீங்கள் போகிற தோட்டத்திலும் ஒரே கொங்சியில் (தொழிலாளர் தங்குமிடத்தில்) நேபாளி, பங்களாதேஷி, இந்தோனேசியர் இருப்பார்கள். தமிழர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மற்றவர்கள் கண்ணில் உறுத்தும். அரிசிப் பையாவது எல்லாருக்கும் போகட்டும்.

அங்கே நன்றாக வேலை செய்தது ப்ரொமோத்தோரா முறை. அதே ஊரிலிருந்து வந்து, அதே வேலையைச் செய்த ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே சுகாதாரத் துணையாக வைப்பது. அவர் ஆலோசகர் இல்லை. கூடவே கிளினிக்குக்கு வருவார், டாக்டர் சொன்னதைப் புரியவைப்பார், இரண்டு வாரம் கழித்து "மாத்திரை எடுத்தீங்களா" என்று கேட்பார். 1962-ல் வந்த புலம்பெயர் சுகாதாரச் சட்டம் இப்படிப்பட்ட கிளினிக்குகளுக்குப் பணம் கொடுத்தது. இங்கே அப்படி எதுவும் இல்லாததால்தான் நாற்பது பேரிடம் ஒரே நாளில் கேட்காதீர்கள் என்கிறேன். பத்துப் பேர் உயர்ந்த மதிப்பெண்ணோடு நின்றால் அந்தப் பத்துப் பேரோடும் திங்கட்கிழமை காலையில் யார் போகப் போகிறீர்கள்? அதற்கு ஆள் பெயரோடு பதில் இருந்தால் மட்டும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கு நான்கைந்து பேர் போதும்.

ஜார்ஜ்டவுன்_தாதி:

மேலே சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கேள்விக்கு வருவோம்.

மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 என்ற, ஒன்பது கேள்வி உள்ள தாள் தமிழில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. மொத்தம் 27. 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து கொஞ்சம் கடுமை, 20-லிருந்து கடுமை என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் தோட்ட வேலையில் இதை அப்படியே கூட்டிப் பார்த்தால் ஏமாறுவீர்கள். களைப்பு, தூக்கம், பசி பற்றி மூன்று கேள்வி இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாள் முழுக்க நீளக் கம்பு அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்டி, இரவு பத்துப் பேர் படுக்கிற அறையில் விசிறிக்குக் கீழே கிடக்கிறவருக்கு இந்த மூன்றிலும் 2 அல்லது 3 வரத்தான் செய்யும். நோயே இல்லாமல் ஆறிலிருந்து ஒன்பது மதிப்பெண் வந்துவிடும். அதனால் முதல் இரண்டு கேள்வியைத் தனியாகப் பாருங்கள். எதிலும் நாட்டமில்லை, மனசு சோர்ந்திருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை. மொத்த எண் அதிகமாக இருந்து இந்த இரண்டும் சுழியாக இருந்தால் முதலில் வேலை நேரத்தையும் படுக்கிற இடத்தையும் விசாரியுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை பார்க்கவும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான், எல்லாவற்றிலும் "இல்லை" என்று போட்டுவிடுவார். வாசித்துக் கேளுங்கள், பேச்சுத் தமிழில் கேளுங்கள். "எதிலாவது நாட்டம் குறைந்துள்ளதா" என்பது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். "முன்ன மாதிரி எதுலயும் மனசு ஓடுதா, ஓடலியா? வீட்டுக்குப் போன் பண்ணணும்னு தோணுதா, இல்ல அதுவும் வேணாம்னு இருக்கா?" என்று கேட்டால் பதில் வரும். வீட்டுக்குப் பேசுவதை நிறுத்திவிட்டார் என்பது ஒரு முக்கியமான அடையாளம். சமையல் முறைக்கு வராமல் இருப்பது, சம்பளம் வந்தும் பணம் அனுப்பாமல் இருப்பது, சட்டை மாற்றாமல் அதே துணியோடு படுப்பது இவையெல்லாம் கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைக் கேட்கப் பயந்து நிறைய தொண்டர்கள் தாண்டிப் போகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணியிருக்கா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டமும் கையில் பொருளும் இருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவு. உங்கள் பக்கம் சுங்கை பாக்காப் மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. மனநல நிபுணர் வேண்டும் என்றால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயத்தில் விஷயத்தை மறைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

போனில் பேச கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. தமிழ் பேசுகிறவர் எல்லா நேரமும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் முதல் அழைப்பை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் அது சட்டைப் பையிலேயே இருக்கும்.

மருந்து விஷயம் இரண்டு மூன்று. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும்தான் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் நான்காம் நாளே நிறுத்திவிடுவார். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். தூக்கம் வரவைக்கிற மருந்து கொடுத்தால் குலை வெட்டுகிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே அரிவாளைப் பிடித்திருக்கிறவர் தடுமாறினால் என்ன ஆகும் என்று டாக்டருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கிற லித்தியம் எடுப்பவர் வெயிலில் வேர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை.

குடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிற ஒருவரைச் சாமி மேல் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆளைத் தெரியாமல் பிதற்றுகிற நிலை வரலாம். அது உயிருக்கு ஆபத்து. "பேய் பிடிச்சிருக்கு" என்று அறையில் பூட்டிவைப்பது இந்த நேரத்தில்தான் நடக்கிறது. நிறுத்துவது டாக்டர் கண்காணிப்பில், வைட்டமின் பி1 ஊசியோடு நடக்க வேண்டும்.

தைப்பிங்_வாசி:

இவ்வளவு சிக்கல் தேவையா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அழைத்து வாருங்கள், அன்னதானத்தில் உட்காரட்டும், நாலு பேரோடு சிரித்துப் பேசட்டும். பாதி பாரம் அங்கேயே இறங்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_பொதுநலம்:

அண்ணே, அது நல்ல மருந்துதான். தனிமையில் கிடப்பவர்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம், ஆள் துணை உள்ளவர்கள் தாங்குகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகளும் சொல்கின்றன. கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். வேன் ஏற்பாடும் வேண்டும், ஏனென்றால் தோட்டத்து உள்சாலையிலிருந்து பஸ் பிடிக்க ஐந்தாறு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் கோயிலுக்கு வர முடிகிறவர் ஓரளவு தெம்பாக இருக்கிறவர். நான் கவலைப்படுவது வராமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைப் பற்றி. ஒவ்வொரு வாரமும் வந்தவர்களிடம் "இன்னிக்கு யார் வரல, ஏன் வரல" என்று கேட்டுக்கொள்வதுதான் அன்னதானத்தை விடப் பெரிய காரியம்.

செந்தூல்_சட்ட_உதவி:

எல்லாரும் நோயையும் மருந்தையும் பேசிவிட்டீர்கள். கடனும் பாஸ்போர்ட்டும் தீராமல் எந்த மாத்திரையும் முழுசாக வேலை செய்யாது, அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் கடன். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், வட்டி என்ன, இப்போது அங்கே யாரை நெருக்குகிறார்கள் என்று நான்கையும் கேளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே "எவ்வளவு அனுப்பியும் தீரல" என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் அதிகம். ஒரு தாளில் எழுதிக் காட்டினாலே அடுத்து என்ன செய்யலாம் என்ற பேச்சு ஆரம்பமாகும். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் வாங்கியிருந்தால் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்திலோ மதத் (MADAD) என்ற குறைதீர் தளத்திலோ புகார் போடலாம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் இருக்கிறது. ஊரில் இருக்கும் குடும்பத்தார் போடுவது சுலபம். ரசீது இல்லாவிட்டாலும் வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்வது 1966 கடப்பிதழ் சட்டத்தில் குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "தொலைஞ்சிடும்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்வார்கள். தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446-ஆம் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பூட்டுப் போட்ட அலமாரி தர வேண்டும் என்று இருக்கிறது. அலமாரி வந்துவிட்டால் அந்தச் சாக்குக்கு இடமில்லை. நிர்வாகத்திடம் பேசும்போது சண்டை போடாமல் அலமாரியில் ஆரம்பியுங்கள். அதே விதிகளில் ஆளுக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவும் உண்டு.

சம்பளம் பற்றிய குறை இருந்தால்: குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து 1,700 ரிங்கிட், வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும், 2018-லிருந்து அப்படித்தான். சம்பளச் சீட்டில் "லெவி" என்று பிடித்தம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். புகார் ஆள்பலத் துறையில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனசு தாங்காமல் ஒருவர் இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு வெளியேறினால் முதலாளி "ஓடிவிட்டார்" என்று குடிநுழைவுத் துறையில் புகார் கொடுப்பார், பெர்மிட் போய்விடும். அதற்குப் பிறகு அவர் பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிப்பது பெரும்பாடு. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, வெளியேறும் முன்பே ஆள்பலத் துறையில் புகாரைப் பதிவு செய்து, தேதி முத்திரை உள்ள நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடி, அறையில் பூட்டிவைத்தல் என்றால் நேராக போலீஸ். தெனாகானித்தா போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட வழக்குகளைப் பல ஆண்டுகளாகக் கையாள்கின்றன, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு இந்தியத் தூதரகத்தில் சமூக நல நிதி இருக்கிறது, 2009-ல் தொடங்கியது. கையில் காசில்லாமல் தவிப்பவரை ஊருக்கு அனுப்ப விமான டிக்கெட், அவசர வைத்தியம் போன்றவற்றுக்கு அதில் கேட்கலாம்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன் தொழிலாளியிடம் இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெர்மிட்டுக்காக வெளிநாட்டுத் தொழிலாளர் செய்துகொள்ளும் ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் மனநோய் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. "எதுவும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. பெர்மிட் முடிந்துபோனவர் என்றால் அரசு மருத்துவமனை ஊழியர்கள் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் பத்தாம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அவர்களுக்கு முதலில் தனியார் கிளினிக்கையோ தொண்டு அமைப்பின் கிளினிக்கையோ பாருங்கள். உயிர் போகிற நிலை என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம்.

செலவு: வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஸ்பிக்பா என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவமனைக் காப்புறுதி படுக்கையில் சேர்த்தால்தான் கைகொடுக்கும், வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்க உதவாது. மாதாமாதம் மருந்துக்குக் காசு யார் தருவது என்று குழுவில் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பினாங்கு_தோட்டப்பாதுகாப்பு:

பூச்சிமருந்தடிக்கிற ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, ஞாபக மறதி, காரணமில்லாத பயம் இவை ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தாலும் வரும். காய்கறித் தோட்டங்களில் இது அதிகம். மனநலக் கேள்வி கேட்கும் முன் "கடைசியா எப்ப மருந்தடிச்சீங்க, என்ன மருந்து, கையுறை முகமூடி இருந்துச்சா, அடிச்ச பிறகு குளிச்சீங்களா, அதே சட்டையோடதான் சாப்பிட்டீங்களா" என்று கேளுங்கள். கூடவே அதிக வேர்வை, எச்சில் ஊறுவது, கண்ணில் நீர், கண்பாவை சிறுத்துப் போவது, தசை துடிப்பது இருந்தால் அது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, உடனே மருத்துவமனை.

இந்த மருந்து உடம்பில் குறைத்துவிடுகிற ஒரு நொதியை அளக்கிற கோலினெஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. பலர் ஆள் சுகமில்லாமல் விழுந்த பிறகு ஒரு முறை எடுத்துப் பார்த்து "சாதாரண அளவு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் அளவு நிறைய மாறும் என்பதால் மருந்தடிக்கத் தொடங்கும் முன்பு எடுத்த அளவோடு ஒப்பிட்டால்தான் எதுவும் தெரியும். கலிபோர்னியாவில் 1974 முதல் இப்படி முன்னும் பின்னும் பரிசோதிப்பது கட்டாயம்.

இன்னொன்று பூச்சிமருந்துக் கொட்டகை. மனசு உடைந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருப்பதுதான் தோட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை பெருமளவு குறைந்தது, உலகமே மேற்கோள் காட்டும் அனுபவம் அது. மலேசியாவும் 2020-ல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை முழுசாகத் தடை செய்தது. தோட்டத்தில் செய்ய வேண்டியது: கொட்டகைக்கு இரட்டைப் பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு பேரிடம், எடுத்த அளவும் திரும்பி வந்த அளவும் புத்தகத்தில் கையெழுத்தோடு. மிச்சம் இருக்கும் மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொங்சிக்குக் கொண்டு வருவதை முற்றிலும் நிறுத்த வேண்டும். கட்டிலுக்கு அடியில் அப்படி ஒரு போத்தலைப் பார்த்தால் யாரையும் திட்டாமல் எடுத்து அப்புறப்படுத்துங்கள். நிர்வாகத்திடம் இதைப் "பாதுகாப்பு" என்ற பெயரில் கேட்டால் சம்மதிப்பார்கள்.

யாராவது எதையாவது குடித்துவிட்டார் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், பால், முட்டை எதுவும் வேண்டாம். போத்தலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள். தேசிய விஷத் தகவல் மையம் இங்கே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, 1-800-88-8099. "நல்லாத்தான் இருக்கான், வாந்தி எடுத்துட்டான்" என்று திருப்பி அழைத்து வந்துவிடாதீர்கள். சில களைக்கொல்லிகளில் நரம்புப் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே வெளியே தெரியும்.

செபராங்பிறை_தொண்டர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டத்தை மாற்றுகிறோம்: ஞாயிற்றுக்கு ஐந்து பேர், திங்கள் செவ்வாயில் கூடப் போக இரண்டு பேர் முன்கூட்டியே முடிவு. இன்னும் இரண்டு சந்தேகம். கேட்கும்போது எங்கே உட்காருவது? கங்காணி பக்கத்திலேயே நிற்பார். இரண்டாவது, ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

ஜார்ஜ்டவுன்_தாதி:

தம்பி, இடம் முக்கியம்தான். அறைக்குள் வேண்டாம், கங்காணிக்குச் சந்தேகம் வரும். இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிற மேசையை மரத்தடியில் போடுங்கள். ஒருவர் கையில் பட்டை கட்டி அளக்க, வரிசை பத்தடி தள்ளி நிற்க, பேச்சு அங்கேயே நடந்துவிடும். எல்லாருக்கும் அளக்க வேண்டும், அப்போதுதான் யாரிடம் அதிக நேரம் பேசினீர்கள் என்பது வெளியே தெரியாது. கங்காணிக்கு முதல் ஆளாக அளந்துவிடுங்கள். அவருக்கும் அழுத்தம் இருக்கும், பலருக்கு இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது "உடல்நலப் பரிசோதனை" என்பதே உண்மை, அதற்கு மேல் தனித்தனி விவரம் தருவதில்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். குறிப்புப் புத்தகத்தில் பெயருக்குப் பதிலாக எண். பெயர்ப் பட்டியல் வேறு ஆளிடம், வேறு வீட்டில். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

பெண்கள் இருந்தால் பெண் தொண்டர்தான் கேட்க வேண்டும். நர்சரியில், மருந்தடிப்பில் வேலை செய்கிற பெண்கள் ஆண்கள் முன்னால் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பவரிடம் உடனே "போ" என்றோ "பொறுத்துக்கோ" என்றோ சொல்ல வேண்டாம். கடன் பாக்கியோடு வெறும் கையுடன் வீட்டு வாசலில் நிற்பதை நினைத்து ஊருக்குப் போவதே பயமாக இருக்கிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் சிலருக்கு மிகவும் மோசமாகிறது. வீட்டில் யாரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று கேட்டு, மனைவியோ அண்ணனோ அம்மாவோ, அந்த ஒருவரிடம் அவர் சம்மதத்தோடு நீங்கள் பக்கத்தில் இருந்து பேச வையுங்கள். "உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குது, வர்றாரு" என்று முன்கூட்டியே தெரிந்தால் வாசலில் முதல் கேள்வி பணத்தைப் பற்றி இருக்காது.

கையில் கொடுக்க வேண்டியது: டாக்டர் எழுதிய சுருக்கம், அதில் மருந்தின் பிராண்டுப் பெயர் போதாது, மூலப்பெயரும் அளவும் வேண்டும், இங்கே உள்ள பிராண்டு அங்கே கிடைக்காது. குறைந்தது முப்பது நாள் மருந்து. தற்கொலை எண்ணம் இருந்தவர் என்றால் அந்த முப்பது நாள் மருந்தைக் கூடப் பயணிக்கிற ஆளிடமோ வீட்டாரிடமோ கொடுங்கள். தமிழ்நாட்டில் 104-க்கோ டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ அழைத்தால் எந்த மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாள் என்று சொல்வார்கள். சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. சென்னையில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986-லிருந்து போனில் பேசி வருகிறது, 044-2464 0050.

விமானம் ஏறிய மூன்றாம் நாள் நீங்கள் ஒரு தடவை போன் பண்ணுங்கள். இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை. மருந்து வாங்கினாரா என்று மட்டும் கேட்டால் போதும், மற்றதை அவரே சொல்வார்.

செந்தூல்_சட்ட_உதவி:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊருக்குப் போகிறவர் பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகட்டும். "மிச்சத்தை அப்புறம் அனுப்புறோம்" என்பதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். புகார் இருந்தால் கிளம்பும் முன்பே பதிவு செய்து, வழக்கு எண்ணையும் இங்கே அவருக்காக ஆஜராகக்கூடிய ஒருவருக்கான அதிகாரக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். ஆள் நாட்டை விட்டுப் போன பிறகு இந்தக் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது.